லூசர்னா, லாட்டர்புருன்னனா?

பாரிஸிலிருந்து மிலானுக்கு ரயிலில் போகிறவர்கள் நடுவே சுவிட்சர்லாந்தில் சில இரவுகள் தங்க நினைத்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும்: ஏரிக்கரை நகரமான லூசர்னில் இறங்குவதா, மலையடிவாரக் கிராமமான லாட்டர்புருன்னனுக்குப் போவதா? சென்ற ஜூலையில் அப்பா அம்மாவோடு போன நாங்கள் மூன்று இரவும் லாட்டர்புருன்னனில் தங்கினோம். மறுபடி போனாலும் அங்கேதான் போவேன்.

லூசர்னின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. சூரிச்சிலிருந்து முக்கால் மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே ஏரி. 1993இல் தீயில் பெரும்பகுதி எரிந்து, மறு ஆண்டே மீண்டும் எழுந்த பழைய மரப்பாலம் சில நிமிட நடையில். சாப்பாட்டுக்குக் கவலையில்லை. மழை பெய்தாலும் நாள் வீணாகாது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது காலை நேரம். சில ஆண்டுகளுக்கு முன் அலுவலக வேலையாக லூசர்னில் தங்கியிருந்தபோது, ஒரு நாள் லாட்டர்புருன்னனுக்குப் போய்வரக் கிளம்பினேன். இன்டர்லாக்கனுக்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கே மாறி இன்னும் இருபது நிமிடம். போய்ச் சேர்ந்தபோது பதினொன்றாகிவிட்டது. மலை இருந்த இடத்தில் வெள்ளை மேகம்தான் இருந்தது. கோடையில் இது வழக்கம். வெயில் ஏற ஏறச் சரிவுகளின் ஈரக்காற்று மேலே எழும்பி, நண்பகலுக்குள் முகடுகளை மூடிவிடும். மாலையில் இடியும் சேர்ந்துகொள்ளும். மலை தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் விடியலில். அந்த நேரத்தில் லூசர்னில் இருப்பவர் படுக்கையில் இருப்பார், அல்லது ரயிலில் இருப்பார்.

இம்முறை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தேன். கிட்டத்தட்ட முந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டவ்பாக் அருவி எதிரே; பாதி வழியிலேயே நீர் தூளாகிக் காற்றில் ஒதுங்கிக்கொண்டிருந்தது. ‘ஷ்டவ்ப்’ என்றால் ஜெர்மன் மொழியில் தூசி. பள்ளத்தாக்கின் கோடியில் பனிமுகட்டின் மேல் துளி மேகமில்லை. அம்மாவை எழுப்பி, ஃபிளாஸ்கில் காபியோடு கேபிள் கார் ஏறினோம். மேலே சிறு ரயில். எட்டு மணிக்குள் 1,638 மீட்டரில் இருக்கும் மியூரன் கிராமம். எதிரே ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் சிகரங்கள் மூன்றும் ஒரே வரிசையில். முழங்கால் வலியுள்ள அப்பா அந்தச் சமதளப் பாதையில் நிறுத்தி நிறுத்தி ஒரு மணி நேரம் நடந்தார். நாங்கள் கீழே இறங்கும்போது மேகம் ஏறத் தொடங்கியிருந்தது. பகல் பயணிகள் அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடியும்போதே வானம் மூடியிருந்தது. பாறைக்குள்ளேயே விழும் ட்ரும்மல்பாக் அருவிக்குப் போய்விட்டோம். அதற்கு வெயில் தேவையில்லை. இப்படிக் காலையில் வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது, 3,454 மீட்டரில் உள்ள யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையத்துக்குப் போக நினைப்பவர்களுக்கும் பொருந்தும். கோடையில் ஆளுக்கு இருநூறு பிராங்கைத் தாண்டும் டிக்கெட்டை, உச்சியின் நேரடிக் கேமராவைப் பார்த்துவிட்டு அன்று காலையில் எடுக்கலாம்.

குறைகளும் உண்டு. கடைகளைச் சீக்கிரமே அடைத்துவிடுவார்கள். சமையலறையுள்ள வீடு எடுத்ததால்தான் இரவில் சோறும் தயிரும் கிடைத்தது. ஒரே ஓர் இரவுதான் என்றால் நானே லூசர்ன் என்பேன்: வானம் கைவிட்டால் மலையில் மாற்று நாள் வேண்டும். நவம்பரில் கேபிள் கார்கள் பலவும் பராமரிப்புக்காக நிற்கும். அப்போதும் நகரமே மேல். பனிக்காலத்தில் நான் போனதில்லை, அதனால் இந்தக் காலைக் கணக்கைக் கோடைக்கு மட்டுமே சொல்கிறேன்.

மலைக்கே போவதென்று முடிவெடுத்தால், இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் ஏறும்போது பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பாருங்கள். அந்த ரயில் ஸ்வைலூட்ஷினனில் இரண்டாகப் பிரியும்; ஒரு பாதி கிரிண்டல்வால்டுக்குப் போய்விடும்.