சோனி டிவிடைரக்ட் எம்சி5: கல்யாண கேசட்டை டிவிடியாக்கும் பெட்டி

கணினி, அதற்குள் வீடியோவை எடுக்கும் கேப்சர் கார்டு, மென்பொருள் எதுவும் இல்லாமல் பழைய வீடியோவை வட்டில் ஏற்றித் தருகிற பெட்டி இது. இப்போது பழையதுதான் கிடைக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. பின்கள், எஸ்-வீடியோ, மினிடிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் கேசட்) கேமராவுக்கு ஐ-லிங்க் என்ற டிஜிட்டல் கேபிள் இணைப்பு. படம் பார்க்கச் சின்னத் திரை. வேலை சுத்தம். ஆனால் படம் எப்படி வரும் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது கேசட்டை ஓட்டும் உங்கள் வீடியோ டெக்தான். உலகில் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஃபுனாய் 2016-ல் நிறுத்திவிட்டதால், ஓடுகிற டெக்கைத் தேடுவதுதான் பெரும்பாடு.

முதலில் கேசட்டின் ஜன்னல் வழியே சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை; அப்படியே டெக்கில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். அதைச் சுத்தம் செய்பவரிடம் தனியாகக் கொடுங்கள். நல்ல கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் கிடந்த நாடா சீராக இறுகும், நடுவில் இழுபடாது.

டெக்கின் வீடியோ அவுட்டிலிருந்து மஞ்சள் பின்னுக்கு இணைப்பு. பழைய டெக் பலதும் மோனோ, ஆடியோ அவுட் ஒன்றுதான். அதை வெள்ளையில் மட்டும் செருகினால் நாதஸ்வரம் இடது ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும். ஒரு ஒய் பின் போட்டு இரண்டுக்கும் பிரியுங்கள். டெக்கின் ஆர்.எஃப். அவுட்டை டிவியில் கொடுத்தால் பதிவாகும்போதே பெரிய திரையில் பார்த்து டிராக்கிங்கை (ஹெட் நாடாவின் பதிவோடு பொருந்துவதை) சரிசெய்யலாம். சிக்னல் போனால் நீலத்திரை காட்டும் வசதி டெக்கில் இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் கோடு விழும் இடமெல்லாம் வட்டில் நீலமாகிவிடும்.

அடுத்தது தரம். பெட்டியின் தர அமைப்புகளில், ஹெச்க்யூவில் 4.7 ஜிபி வட்டில் ஒரு மணி நேரம், எஸ்பியில் இரண்டு, எஸ்எல்பியில் ஆறு. இ-180 கேசட் மூன்று மணி நேரம் ஓடும். ஒரே வட்டில் அடக்க எஸ்எல்பிக்குப் போனால் ஓமப்புகையும் பட்டுச்சேலை ஜரிகையும் கட்டம் கட்டமாக உடையும். கேசட் படத்தில் ஏற்கெனவே இருக்கும் புள்ளி இரைச்சலே வட்டில் இருக்கும் தரவு இடத்தை விழுங்குவதால், நகரும் காட்சிக்கு எதுவும் மிஞ்சாது. எஸ்பியில் முகூர்த்தம் ஒரு வட்டு, ரிசப்ஷன் ஒரு வட்டு என்று பிரியுங்கள். வட்டு காசை மிச்சம் பிடிக்கும் இடமல்ல இது.

கடையில் வாங்கிய சினிமா கேசட்டில் காப்புரிமைப் பூட்டு இருந்தால் பெட்டி மறுத்துவிடும். நைந்துபோன வீட்டுக் கேசட்டையும் சில நேரம் பூட்டியது என்று தவறாக நினைத்து நிறுத்தும். ஹெட்டைத் துடைத்து டிராக்கிங்கைத் திருப்பினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். மினிடிவியில் இந்தத் தலைவலி இல்லை, ஐ-லிங்க் வழியே கேமராவைப் பெட்டியே ஓட்டுகிறது.

முடிந்ததும் ஃபைனலைஸ் (வேறு பிளேயரிலும் ஓடும்படி வட்டை முடித்து வைப்பது) ஆகும்வரை எதையும் தொடாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் வட்டு வேறு பிளேயரில் ஓடாமல் போகலாம், ஆகவே பெட்டியையும் டெக்கையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். வட்டைக் கடைசிப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்: மலிவு வட்டுகள் வெளி ஓரத்தில்தான் சிக்கும். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், சுழலும்போது ஆடும். வட்டுக்கான மார்க்கர் போதும்.

வாங்கும்போது காலி வட்டும் உங்கள் டெக்கும் கொண்டுபோய், ஐந்து நிமிடம் பதிவுசெய்து, வேறு பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் இது இன்னும் முக்கியம்: நம் கேசட்டுகளின் வீடியோ முறை பால் (PAL), அந்த ஊரில் வேறு முறையான என்டிஎஸ்சி (NTSC). தட்டு திறந்து மூடுகிறது, திரை எரிகிறது என்பதை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். இந்த வயதுப் பெட்டிகளில் முதலில் சோர்வது லேசர்தான்.