களத்தில் பகவதி, கான்வாஸில் கண்யார்களி

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் விழாவை வண்ணத்தில் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று களமெழுத்து: தரையில் வண்ணப் பொடிகளால் தெய்வ உருவத்தை, அதாவது களத்தை, வரைவது. அரிசிமாவின் வெள்ளை, மஞ்சள்தூள், உமிக்கரியின் கறுப்பு, இலைப்பொடியின் பச்சை. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு. விரலிடுக்கில் பொடி நழுவ நழுவ, பத்ரகாளி தரையில் எழுகிறாள். சடங்கின் முடிவில் அழித்துவிடுவார்கள். விலைக்கு வாங்க முடியாது; நல்லதுதான்.

மற்றது கான்வாஸ். ஒன்பதுகால் பந்தலில் விளக்கைச் சுற்றி ஆடும் கண்யார்களி என்ற நாட்டுப்புற ஆட்டத்தை அக்ரிலிக்கில் தீட்டலாம். ஆட்டத்தின் நகைச்சுவைப் பகுதியான பொறாட்டில் வரும் தமிழ்ப் பாட்டு மட்டும் அதில் கேட்காது. பலர் ஒவ்வொரு முகத்தையும் நுணுக்கி வரைந்து ஆட்டத்தையே நிறுத்திவிடுகிறார்கள். கால்கள் கலங்கலாக, வேட்டியின் வெள்ளை ஒரே இழுப்பாக இருந்தால் போதும்.

வீட்டுச் சுவருக்குக் கான்வாஸ். பார்க்கக் கிடைத்தால் என் ஓட்டு களத்துக்கே. அதுவும் பொடி தூவத் தொடங்கும்போதே போய் உட்கார வேண்டும்.