பெரம்பூர் ஆன்ட்டி வீட்டு பால் கறி: சனிக்கிழமை பார்சல் அனுபவம்

பெரம்பூரில் ரயில்வே லைனை ஒட்டிய ஒரு தெரு. அங்கே ஆங்கிலோ இந்தியரான (தகப்பன் வழியில் ஐரோப்பிய வம்சாவளி வந்த இந்தியச் சமூகம்) ஓர் ஆன்ட்டி வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கிறார். வாசலில் போர்டு கிடையாது. வியாழக்கிழமை ராத்திரிக்குள் சொல்லி வைத்தால் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு தயாராக இருக்கும். நாமே போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் ஏழு வருஷமாகத் தூக்குச்சட்டியோடு போகிறேன்.

வாங்க வேண்டியது மஞ்சள் சோறும் பால் கறியும். பால் கறி என்றதும் பாலில் செய்தது என்று நினைத்துவிட வேண்டாம், இது இங்கிலீஷ் 'பால்' (ball, உருண்டை), கைமா உருண்டைக் குழம்பு அது. இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி அரிந்து போட்டுப் பிசைந்த கைமாவை எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, பொரிக்காமல் அப்படியே கொதிக்கிற குழம்பில் ஒவ்வொன்றாக இறக்குவார் ஆன்ட்டி. அதற்கப்புறம் கரண்டியே படாது. துணியால் பாத்திரத்தின் இரண்டு காதையும் பிடித்து லேசாகச் சுழற்றுவார். உருண்டை உடையாமல், உள்ளே வரைக்கும் காரம் இறங்கியிருக்கும். தேங்காய்ப்பாலில் வெந்த அந்த மஞ்சள் சோற்றோடு அதைப் பிசைந்து, தொட்டுக்கொள்ள டெவில் சட்னியை வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். பச்சை வெங்காயம், மிளகாய்த்தூள், வினிகர், கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவுதான் சட்னி. பீஃப் 180 ரூபாய், மட்டன் 260.

கூடவே ஒரு கிண்ணம் பெப்பர் வாட்டர் தருவார். எங்கம்மா வைத்த மிளகுத் தண்ணியேதான், பெயர் மட்டும் இங்கிலீஷ்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். விந்தாலுவில் (வினிகர் சேர்த்த காரக் கறி) புளிப்பு போதவில்லை. சட்னி டப்பா மூடி சரியாக நிற்காது, பையெல்லாம் சிவப்பாகிவிடும்.

எங்கப்பா பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில், அதாவது ரயில் பெட்டி பழுதுபார்க்கிற இடத்தில், ஃபிட்டர். 1856-லிருந்து ஓடுகிற ஒர்க்‌ஷாப் அது. ஆன்ட்டியின் அப்பாவும் தாத்தாவும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். குவார்ட்டர்ஸில் நாங்கள் பொங்கல் கொடுத்தால் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டிலிருந்து கல்கல் என்கிற பொரித்த இனிப்புப் பலகாரம் வரும். புதுச் சீப்பின் பல்லில் மாவை அழுத்திச் சுருட்டுகிற வேலை பிள்ளைகளுக்கு. நானும் சுருட்டியிருக்கிறேன்.

போன டிசம்பரில் ஆன்ட்டிக்குக் கண் ஆபரேஷன். கிறிஸ்துமஸ் ஆர்டர் நோட்டை நான்தான் எழுதிக் கொடுத்தேன். 140 பெயர் வந்தது. அதில் தன் சமூகத்து வீடுகளை ஆன்ட்டி விரலால் காட்டிக்கொண்டே வந்தார். 70-ஐத் தாண்டியது. வீட்டுக்கு நாலு பேர் என்று போட்டால் என்ன வரும்? 280.

2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில், இந்தியா முழுக்க ஆங்கிலோ இந்தியர்கள் 296 பேர்தான் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கைக் காட்டிச் சொன்னார் அன்றைய சட்ட அமைச்சர். அந்தக் கணக்கெடுப்பில் மதம் கேட்டார்கள், தாய்மொழி கேட்டார்கள், எஸ்சியா எஸ்டியா என்று கேட்டார்கள். ஆங்கிலோ இந்தியரா என்று தனியாக ஒரு கேள்வியே இல்லை. "கிறிஸ்டியன், இங்கிலீஷ்னு எழுதிக்கினு போயிட்டாங்கம்மா" என்கிறார் ஆன்ட்டி. அப்படிப்பட்ட ஒரு எண்ணை முன்னால் வைத்துத்தான் அரசியல் சட்டத்தின் 104-வது திருத்தம் வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு ஒதுக்கிய இடங்களை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டித்தார்கள். அது நியாயம். மக்களவையில் ஆங்கிலோ இந்தியர்களுக்கிருந்த இரண்டு நியமன இடமும், சட்டமன்றங்களில் ஆளுநர் நியமிக்கிற ஒரு இடமும் 2020 ஜனவரி 25-லிருந்து நீட்டிப்பில்லாமல் முடிந்தன. அரசியல் நிர்ணய சபையில் ஆங்கிலோ இந்தியர்களின் தலைவர் ஃபிராங்க் ஆண்டனி போராடி வாங்கிய இடங்கள் அவை. நம் சட்டமன்றத்தில் 235-வது நாற்காலி 2021 தேர்தலோடு போயிற்று.

நியமன உறுப்பினர் என்றால் ஆளுங்கட்சி கைகாட்டுகிற ஆள்தானே என்று என் தம்பி கேட்கிறான். உண்மைதான், அந்தக் குறை இருந்தது. ஆனால் சௌகார்பேட்டையில் சேட்டுங்க சேர்ந்து வாழ்கிறார்கள், அதனால் ஓட்டு கேட்டு எல்லாக் கட்சியும் அவர்கள் வாசலுக்குப் போகிறது. இவர்கள் பெரம்பூரில் கொஞ்சம், ராயபுரத்தில் கொஞ்சம், பரங்கிமலையில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறார்கள். நிறையப் பேர் எப்போதோ ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். எந்தத் தொகுதியில் நின்று ஜெயிக்க முடியும்? நியமனத்தில் குறை இருந்தால் ஆளை எடுக்கும் முறையைத் திருத்தியிருக்கலாம், நாற்காலியைத் தூக்கியிருக்க வேண்டாம்.

பேரனுக்கு ஒரு சான்றிதழ் வாங்க ஆன்ட்டி ஓர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க ஃபாரினரா?" என்று கேட்டிருக்கிறார். பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் பிறந்த மனுஷி. மூன்று தடவை அலையவிட்டார்கள். "முன்னெல்லாம் லெட்டர் போட ஒரு ஆள் இருந்தாங்கம்மா. இப்போ யாருக்குப் போடறது?" என்று கேட்டுக்கொண்டே என் தூக்கில் சோறு அள்ளி வைத்தார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் எம்எல்ஏ ஆபீசுக்கு ஒரு மனு எழுதி, ஆன்ட்டியையும் கூட்டிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் பதில் வரவில்லை.

கிறிஸ்துமஸ் கேக்கும் கல்கலும் வேண்டுமென்றால் டிசம்பர் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள், அப்புறம் நோட்டில் இடம் இருக்காது. பால் கறியை அன்றைக்கே தீர்க்காமல் நாலு உருண்டை எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தோசைக்கு இன்னும் நன்றாக இருக்கும்.