மீட்டர் வைக்காமல் ‘கம்ப்ரஸர் போச்சு’ என்பவரிடம் ஏமாறாதீர்கள்: ட்ரெய்லர் ஏசி எச்சரிக்கை

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடான டிராவல் ட்ரெய்லரின் கூரை ஏசி நின்றுபோய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடப் போகிறீர்களா? போனை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு ட்ரெய்லரில், கம்ப்ரஸர் கிளம்ப உதவும் 20, 30 டாலர் கெபாசிட்டரை மாற்றினால் முடிகிற வேலைக்கு, ஒரு ரிப்பேர் கடைக்காரர்கள் ஏசி யூனிட்டையே மாற்றி ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு போனார்கள். அமெரிக்கா, கனடா பக்கம் ட்ரெய்லர் வைத்திருக்கும் யாருக்கும் இது நடக்கலாம். கடையின் பெயர் இங்கே முக்கியமில்லை. எந்த இடத்தில் ஏமாற்றினார்கள் என்பதுதான் முக்கியம்.

யூனிட் 13,500 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு), 30 ஆம்பியர் இணைப்பு. கோளாறு இதுதான்: ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, காற்று வருகிறது, குளிர் இல்லை. தெர்மோஸ்டாட் குளிருக்குப் போனதும் கூரையில் மூன்று நான்கு விநாடி ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல், பிறகு ‘டக்’, அதன்பின் சத்தமில்லை. சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே உறுமல், அதே ‘டக்’. வந்தவர் ஏணியில் ஏறினார், காது கொடுத்துக் கேட்டார், இறங்கினார். “கம்ப்ரஸர் போச்சு, யூனிட்டை மாத்தணும்” என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கூரையில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக்கூட அவர் கழற்றவில்லை.

விவரம் தெரிந்தவர்களுக்கு அந்த உறுமலும் ‘டக்’கும் முதலில் நினைவூட்டுவது கெபாசிட்டரைத்தான். கம்ப்ரஸர் மோட்டார் கிளம்ப உந்துதல் வேண்டும், அதைக் கொடுப்பது கெபாசிட்டர். அது வலுவிழந்தால் மோட்டார் சுழலாமல் நின்ற இடத்திலேயே 50, 60 ஆம்பியர் இழுத்துக்கொண்டு உறுமும். சில விநாடியில் ஓவர்லோட் பாதுகாப்பு சூடேறி இணைப்பைத் துண்டிக்கும். அந்த ‘டக்’ அதன் சத்தம். கம்ப்ரஸர் செத்தாலும் இதே சத்தம் வரலாம் என்பது உண்மைதான். அதனால்தான் காதை நம்பக் கூடாது, மின்சாரத்தை அளக்கும் மீட்டர் (மல்டிமீட்டர்) வேண்டும்.

கழற்றிய பழைய யூனிட்டை விட்டுப்போகச் சொல்லிப் பிடிவாதமாகக் கேட்டதால்தான் இந்த விஷயம் வெளியே வந்தது. அதைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தபோது, பக்கவாட்டு உலோகப் பெட்டிக்குள் வெள்ளி நிற டப்பாவாக இருந்த டூயல் கெபாசிட்டரின் தலை தொப்பை போட்டிருந்தது. தட்டையாக இருக்க வேண்டிய தகடு அது. லேபிளில் 40+5 மைக்ரோஃபாரட் (கெபாசிட்டரின் திறனை அளக்கும் அலகு), 40 கம்ப்ரஸருக்கு, 5 ஃபேனுக்கு. மேலே சி (பொது முனை), ஹெர்ம் (கம்ப்ரஸர்), ஃபேன் என்று மூன்று முனைகள். சி–ஹெர்ம் நடுவே மீட்டர் காட்டியது 11. ஆறு சதவீத வித்தியாசம்தான் அனுமதி, அதாவது 37.6க்குக் குறையக் கூடாது. ஃபேன் பக்கம் 4.9, அது சரிதான். ஃபேன் மட்டும் ஒழுங்காகச் சுற்றிய காரணமும் அங்கேயே தெரிந்துவிட்டது. புது கெபாசிட்டரை மாட்டி, தனி ஒயரில் 120 வோல்ட் கொடுத்ததும் ‘செத்துப்போன’ கம்ப்ரஸர் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. ஒயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 12 ஆம்பியர் சொச்சம், காற்றைக் குளிர்விக்கும் காயிலைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது.

அடுத்து பில்லைப் பாருங்கள். பரிசோதனைக் கட்டணம், புது யூனிட், கூலி, அதோடு ‘கேஸ் ரெகவரி’ என்று ஒரு வரி. பழைய யூனிட்டைக் குப்பைக்கு அனுப்பும் முன் உள்ளே இருக்கும் கேஸை முறையாக வெளியே எடுக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். சுத்தமான காற்றுச் சட்டத்தின் 608ஆம் பிரிவு அது, கேஸ் அமைப்பைத் திறந்து பழுதுபார்க்க அதற்கான சான்றிதழும் வேண்டும். ஆனால் இந்த யூனிட்டின் குழாயில் ஒரு துளைகூட இல்லை. கேஸ் முழுதாக உள்ளே இருந்தது, இல்லையென்றால் எப்படிக் குளிர்ந்திருக்கும்? செய்யாத வேலைக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். மொத்த பில்லிலும் வோல்ட், ஆம்பியர், மைக்ரோஃபாரட் என்று ஒரு அளவுகூட எழுதப்படவில்லை.

கேஸ் பற்றி இன்னொரு ஏமாற்று இருக்கிறது. “கேஸ் குறைஞ்சிருக்கு, டாப்-அப் பண்ணிடலாம்” என்பார்கள். ட்ரெய்லர் கூரை ஏசி தொழிற்சாலையிலேயே அடைத்து வரும் மூடிய அமைப்பு. வீட்டு ஏசியில் இருப்பதுபோல் கேஸ் ஏற்றும் வால்வு பெரும்பாலும் இதில் கிடையாது. ஏற்றுவதென்றால் குழாயில் குத்தும் வால்வு ஒன்றைப் பொருத்த வேண்டும், அந்தக் குத்துவால்வே பின்னால் கசியும். கேஸ் தானாகக் குறையாது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் காட்டாமல் கேஸ் ஏற்றுகிறேன் என்பவருக்குப் பணம் தராதீர்கள்.

கேஸ் சரியாக இருக்கிறதா என்று துளை போடாமலே தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. ஏசியை அதிவேகத்தில் இருபது நிமிடம் ஓட விடுங்கள். காற்றை உள்ளே இழுக்கும் கிரில்லில் ஒரு தெர்மாமீட்டர், அதற்கு மிக அருகில் காற்று வெளிவரும் வென்ட்டில் ஒன்று. வித்தியாசம் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. வெளியே 100 டிகிரி வெயிலில் உள்ளே 70 வரவில்லை என்று திட்டுவதில் நியாயமில்லை. மெல்லிய சுவர் கொண்ட பெட்டி அது. வித்தியாசம் குறைவாக இருந்தால்கூட முதலில் ஃபில்டரைக் கழுவுங்கள், பிறகு கூரையில், வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் தகடுகளைப் பாருங்கள். அங்கே குளவி மண்ணால் கூடு கட்டியிருப்பது ரொம்ப சகஜம். ஒரே ஒரு கூடு ஃபேன் இறக்கையில் தட்டினால் எழும் சத்தத்துக்கு ‘மோட்டார் பேரிங் போச்சு’ என்று தனி பில் வரும்.

கெபாசிட்டர் ஏன் செத்தது என்று அந்தக் கடையில் யாருமே கேட்கவில்லை. அதைக் கேட்காமல் புது யூனிட்டை வைத்தால் அதன் கெபாசிட்டரும் அதே வழியில்தான் போகும். இந்த ட்ரெய்லர் பெரும்பாலான நாள் வீட்டு வாசலில், சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில், அடாப்டர் போட்டு, 50 அடி நீள 16 கேஜ் எக்ஸ்டென்ஷன் ஒயரில் நின்றது (கேஜ் எண் கூடக் கூட ஒயர் மெல்லியது). கணக்குப் போட்டுப் பாருங்கள். போக வர 100 அடி, மின்தடை சுமார் 0.4 ஓம். 13 ஆம்பியர் ஓடும்போது ஒயரிலேயே ஐந்து வோல்ட் போய்விடும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் 60 ஆம்பியர் என்றால் 24 வோல்ட். மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 96 வோல்ட், வீட்டு ஒயரிங்கின் இழப்பைச் சேர்த்தால் அதற்கும் கீழே. குறைந்த வோல்ட்டில் மோட்டார் கிளம்பத் திணறும், அதிக ஆம்பியர் இழுக்கும், சூடாகும். கூரை வெயிலோடு அந்தச் சூடும் சேர்ந்து கெபாசிட்டரை வேகவைக்கும்.

வோல்ட்டை அளப்பதிலும் ஒரு சூட்சுமம். ஏசி ஓடாதபோது மீட்டர் 119 காட்டும், எல்லாம் சரி என்று தோன்றும். ஏசியும் வாட்டர் ஹீட்டரும் ஓடும்போது ட்ரெய்லருக்கு உள்ளே இருக்கும் பிளக் பாயின்ட்டில் அளக்க வேண்டும். 105க்குக் கீழே போனால் ஏசியை உடனே நிறுத்துங்கள். கோடை விடுமுறையில் எல்லாரும் ஏசி போடும் மாலை நேரத்தில் கேம்ப்கிரவுண்டுகளில் இது அடிக்கடி நடக்கும். வோல்ட் குறைந்தால் தானே துண்டிக்கும் பாதுகாப்புப் பெட்டி ஒன்றை வாங்கி வையுங்கள். வெறும் சர்ஜ் புரொடெக்டர் வோல்ட் குறைவதைக் கண்டுகொள்ளாது. எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கினால் தடித்த 10 கேஜ் வாங்குங்கள்.

வீட்டில் 30 ஆம்பியர் பாயின்ட் புதிதாகப் போடுபவர்களும் ஜாக்கிரதை. ட்ரெய்லரின் 30 ஆம்பியர் பிளக் 120 வோல்ட். துணி உலர்த்தும் இயந்திரத்தின் பிளக்கைப் போலத் தெரிவதால் 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். சொருகிய நொடியில் மைக்ரோவேவ், கன்வர்ட்டர், ஏசி போர்டு எல்லாம் ஒன்றாகப் போகும். சொருகும் முன் மீட்டர் வையுங்கள்.

இனி, மீட்டர் வைத்துக்கொண்டே ஏமாற்றும் முறை. கம்ப்ரஸர் சூடாக இருக்கும்போதே முனைகளில் மீட்டர் வைத்து, “பாருங்க, வைண்டிங் ஓப்பன்”, அதாவது மோட்டாரின் கம்பிச் சுற்று அறுந்துவிட்டது என்று காட்டுவார்கள். ஓவர்லோட் பாதுகாப்பு கம்ப்ரஸருக்கு உள்ளே இருக்கும் மாடல்களில், அது திறந்திருக்கும்போது சி–ஆர், சி–எஸ் இரண்டுமே ஓப்பன் காட்டும் (கம்ப்ரஸர் முனைகளில் சி பொது, ஆர் ஓட்டத்துக்கு, எஸ் கிளம்புவதற்கு). ஆனால் எஸ்–ஆர் நடுவே சில ஓம் வரும். அப்படி வந்தால் வைண்டிங் நன்றாக இருக்கிறது, ஓவர்லோட்தான் திறந்திருக்கிறது என்று அர்த்தம். சில மணி நேரம் ஆறவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஆறியபின் எஸ்–ஆர் அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக வர வேண்டும், எந்த முனையிலிருந்தும் உலோக உடலுக்கு இணைப்பு இருக்கக் கூடாது.

உண்மையிலேயே கம்ப்ரஸர் போவதும் உண்டு. முனைக்கும் உடலுக்கும் இணைப்பு காட்டி, சுவிட்ச் போட்டதும் பிரேக்கர் விழுந்தால் அது போய்விட்டது. நல்ல கெபாசிட்டர், சரியான வோல்ட் இரண்டும் இருந்தும் உறுமிக்கொண்டே இருந்தால் அதுவும் போய்விட்டது. ஓடுகிறது, ஆனால் ஆம்பியர் மிகக் குறைவு, கம்ப்ரஸரின் இரண்டு குழாயும் ஒரே வெப்பம் என்றால் ஒன்று உள்ளே அழுத்தம் இல்லை, அல்லது கேஸ் இல்லை. இந்த நிலையில் யூனிட்டையே மாற்றச் சொல்பவர் ஏமாற்றவில்லை. கம்ப்ரஸரை மட்டும் மாற்றும் கூலி கட்டுப்படியாகாது.

கெபாசிட்டரை நீங்களே மாற்றலாம், ஆனால் பிரேக்கரை மட்டும் அணைத்துவிட்டுக் கைவைக்காதீர்கள். ட்ரெய்லரின் பிளக்கையே பிடுங்குங்கள், ஜெனரேட்டரையும் இன்வர்ட்டரையும் அணையுங்கள். கெபாசிட்டர் மின்சாரம் இல்லாமலே ஷாக் அடிக்கும். முனைகளுக்கு இடையே 20 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சில விநாடி வைத்து வெளியேற்றி, மீட்டரில் பூஜ்யம் வந்ததா என்று பாருங்கள். ஒயர்களைக் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். புதியதில் மைக்ரோஃபாரட் அதே எண்ணாக இருக்க வேண்டும். வோல்ட் எண் அதே அல்லது அதிகம், 370க்குப் பதில் 440 போடலாம், 440க்குப் பதில் 370 கூடாது. பெட்டிக்குள் இருக்கும் ஒயர் முடிச்சுகளையும் இழுத்துப் பாருங்கள். சாலை அதிர்வில் தளர்ந்து கருகிய வெள்ளை ஒயரே பல சமயம் குற்றவாளி.

ஆள் கூப்பிடுவதென்றால் போனிலேயே கேளுங்கள்: கெபாசிட்டரையும் ஓடும்போது வோல்ட், ஆம்பியரையும் அளந்து பில்லில் எழுதித் தருவீர்களா, கழற்றிய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். யூனிட்டின் மாடல், சீரியல் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். ட்ரெய்லர் உத்தரவாதம் முடிந்தாலும் ஏசி தயாரிப்பாளரின் உத்தரவாதம் பல பிராண்டுகளில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். விற்ற கடை அதைத் தானாகச் சொல்லாது.

தேவையில்லாமல் வைத்த அந்தப் புது யூனிட்டையாவது ஒழுங்காக வைத்தார்களா என்றால், அதுவும் இல்லை. முதல் மழையிலேயே ஏசியைச் சுற்றி உட்கூரைத் துணியில் தண்ணீர் கசிந்த பழுப்பு வளையம். 14க்கு 14 அங்குல ஓட்டையைச் சுற்றி வரும் நுரை காஸ்கெட்டை நான்கு போல்ட்டும் சமமாக, பாதி கனத்துக்கு, சுமார் அரை அங்குலமாக அழுத்த வேண்டும். இங்கே ஒரு மூலை காகிதம்போல் நசுங்கிக் கிடந்தது, எதிர்மூலையில் விரல் நுழைந்தது. அதை மறைக்கச் சுற்றிலும் சிலிகான் பூசியிருந்தார்கள். உள்ளே, குளிர்காற்றுப் பாதைக்கும் திரும்பும் காற்றுப் பாதைக்கும் நடுவே இருக்கும் தடுப்பில் டேப்பே ஒட்டவில்லை. குளிர்காற்று அறைக்கு வராமல் நேராக உள்ளே திரும்பி காயிலில் ஐஸ் கட்டியது. இதற்கும் ‘கேஸ் குறைவு’ என்றுதான் முதலில் பதில் வந்தது. அலுமினிய டேப் சில அடி ஒட்டியதும் ஐஸ் நின்றது.

தொப்பை போட்ட கெபாசிட்டர், மீட்டர் காட்டிய 11, துளையில்லாத குழாய் மூன்றையும் படமெடுத்துக் கடைக்குக் கடிதம் போனது. பரிசோதனைக் கட்டணமும் ரெகவரிக் கட்டணமும் மட்டும் திரும்பி வந்தன. கசிவுக்கு ஆள் அனுப்பி, போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் போகிறோம் என்றார்கள். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒருமுறை நசுங்கிய நுரை மறுபடி எழும்பாது. யூனிட்டைத் தூக்கி, சிலிகானைச் சுரண்டி, புது காஸ்கெட் வைக்கச் சொல்லுங்கள்.