அத்தை இருக்கும் முதியோர் இல்லம்: போகும்போது ஐந்து நட்சத்திரம், திரும்பும்போது இரண்டு

கும்பகோணத்தை ஒட்டிய ஒரு முதியோர் இல்லத்தில்தான் என் மாமியார் இருக்கிறார். பெயர் போடவில்லை. கீழே குறையும் சொல்லப்போகிறேன், அத்தை இன்னும் அங்கேதான் இருக்கிறார். சாப்பாடு, அறை எல்லாம் சுமார் ரகம். நான் எழுத வந்தது ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் விதத்தைப் பற்றி.

போன மாதம் ஒருநாள் காலையில் அத்தை திடீரென்று ஏறுக்குமாறாகப் பேச ஆரம்பித்திருக்கிறார். நான் மன்னார்குடியில் பஸ் ஏறுவதற்குள் 108 வந்து ஏற்றிக்கொண்டுவிட்டது. கூடவே ஒரு ஜவுளிக்கடைப் பை. அதில் ஆதார் நகல், முதல்வர் காப்பீட்டு அட்டை, பல்செட் டப்பா, கண்ணாடி, காது மெஷின், அதற்கு மாற்று பேட்டரி. எல்லாவற்றுக்கும் மேலே ஒற்றைத் தாள். என்னென்ன மாத்திரை, கடைசியாக எத்தனை மணிக்குக் கொடுத்தது, ‘வலது காது கேட்காது, இடப்பக்கம் நின்று பேசவும்’, ‘நேற்று ராத்திரி வரை தெளிவாக இருந்தார், தானே பேப்பர் படித்தார்’.

அந்தக் கடைசி வரிதான் காரியம் செய்தது. எண்பது வயதுக்காரர் உளறினால் ‘வயசாயிடுச்சு, மறதி’ என்று தள்ளிவிடுவது சுலபம். தாளைப் பார்த்த டியூட்டி டாக்டர் ரத்தத்தில் உப்பு பார்க்கச் சொன்னார். சோடியம் நன்றாக இறங்கியிருந்தது. பிரஷருக்குக் கொடுத்துவந்த, நீர் பிரியவைக்கும் மாத்திரைதான் காரணம். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோதும் இல்லத்து ஆயா கூடவே வந்தார். வார்டு நர்ஸிடம் தாளைக் காட்டி விவரம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். இங்கிலாந்தில் சட்டன் பகுதியில், இல்லத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கென்றே 2015-ல் சிவப்புப் பை கொடுக்க ஆரம்பித்தார்கள். இங்கே ஜவுளிக்கடைப் பையே போதுமாக இருக்கிறது.

திரும்பி வந்த கதை வேறு. 108 அவசரத்துக்குத்தான், திரும்பக் கொண்டுவந்து விடாது. கார் பிடித்து இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி அப்படியே ஃபைலில் சொருகிவிட்டார்கள். அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி அதில் தெளிவாக எழுதியிருந்தது. மறுநாள் காலை பழைய டப்பாவிலிருந்து அதே மாத்திரை அத்தை கைக்கு வந்துவிட்டது! “இதைத்தானேம்மா நிறுத்தச் சொன்னாங்க?” என்று அவரே எனக்குப் போன் போட்டார். நல்லவேளை, விழுங்கவில்லை.

மேனேஜரைக் கேட்டால், “நைட் ஸ்டாஃப் வேற, டே ஸ்டாஃப் வேறம்மா” என்றார். சரி, அது அவர்கள் பாடு. அனுப்பும்போது அத்தனை அக்கறையாகத் தாள் எழுதுகிறவர்களுக்கு, திரும்பியதும் டப்பாவைக் கொட்டிப் புதுச் சீட்டுப்படி அடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அங்கே சேர்க்க நினைப்பவர்கள் தைரியமாகச் சேர்க்கலாம். டிஸ்சார்ஜ் ஆகி வரும் அன்று மட்டும் மாத்திரை டப்பாவை நீங்களே திறந்து பார்த்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுங்கள்.