25 சதவீத சீட்: ஆன்லைன் பரவாயில்லை, பள்ளி கேட்டில்தான் இடிக்கிறது

தனியார் பள்ளி எல்.கே.ஜி.யில் கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்டிஇ) ஒதுக்கும் 25 சதவீத இலவச சீட்டுக்கு வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டையிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்காக இது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். வெட்டிய இரண்டும் பள்ளி அலுவலகங்களின் கணக்கில்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. பிரவுசிங் சென்டரில் கேட்பது டைப் அடிக்கிற கூலி. பிறப்புச் சான்று, ஆதார், போட்டோ, இருப்பிட ஆதாரம் போதும். கூடவே சாதிச் சான்று, இல்லையென்றால் 2 லட்சத்துக்குக் குறைவான ஆண்டு வருமானச் சான்று. வருமானச் சான்றை மார்ச்சிலேயே எழுதிப் போடுங்கள். தாமதித்தால் தாசில்தார் ஒப்புதல் வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

அதிகம் சொதப்புவது ஆன்லைன் விண்ணப்பத்தில் வீட்டைக் குறிக்கும் வரைபடம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகளுக்குத்தான் முன்னுரிமை. ஹவுசிங் போர்டு பிளாக்கில் பழைய எண், புதிய எண் குழம்பி, புள்ளி இரண்டு தெரு தள்ளி விழுந்தால் பக்கத்துப் பள்ளியே பட்டியலில் வராது. ராயபுரம் பக்கம் தேடுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது.

குலுக்கலில் பெயர் வந்த பிறகுதான் நிஜமான வேலை. 'சீட் இல்லை' என்று எந்தப் பள்ளியும் வாய்விட்டுச் சொல்லாது. "பிள்ளைக்கு இங்கிலீஷ் வருமா?", "ஆக்டிவிட்டி ஃபீஸ் தனி", "மதியம் வேற பேட்ச்" என்றுதான் ஆரம்பிக்கும். அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளைத் தள்ளி வைக்க வர்ஜீனியா மாநிலம் 1956இல் கையாண்டதும் இதே வித்தைதான்: நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று முடிவுசெய்ய ஒரு வாரியம், அதற்கொரு படிவம். அதுவும் பலிக்காதபோது அந்த மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடியது. நம்மூர் பள்ளிகள் அவ்வளவு தூரம் போகவில்லை, கவுண்டரோடு நிற்கின்றன.

பிள்ளையை டெஸ்ட் வைத்துச் சேர்ப்பது ஆர்டிஇ சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். தனி வகுப்பு, தனி நேரம் இரண்டையும் விதிகள் தடுக்கின்றன. கேட்கும் பணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்குவார்கள். மீறினால் ஒதுக்கீட்டுத் தாளின் நகலோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கி வையுங்கள்.

தேதியை மட்டும் நம்ப முடியவில்லை. வழக்கமாக ஏப்ரல், மே. 2025-26இல் மத்திய நிதி இழுபறியால் அக்டோபரில்தான் நடைமுறை தொடங்கியது. ஜூனில் பணம் கட்டிச் சேர்ப்பவர்கள் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், பிறகு இலவச சீட் கிடைத்தால் கட்டியதைத் திரும்பக் கேட்க அதுதான் ஆதாரம்.