கோழி, புறா, கூகை: கோடையைத் தாங்குவதில் எது கெட்டி?

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பக்கம் மழை சுணங்கிவிடும். செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் ஒரு லாரி போனால் புழுதி அடங்க வெகுநேரம் ஆகும். மலேசியாவில் இதுவரை பதிவான உச்ச வெப்பம் 40.1 டிகிரி. 1998 ஏப்ரல் 9 அன்று, நமக்கு வடக்கே பெர்லிஸில் இருக்கும் சூப்பிங்கில் பதிவானது அது.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சாதாரண நாளிலேயே அவற்றின் உடல் சூடு 41 டிகிரியை ஒட்டி இருக்கும். தோட்டத்துப் பக்கம் நாம் அன்றாடம் காணும் மூன்று பறவைகள் இந்தச் சூட்டை மூன்று விதமாக இறக்குகின்றன.

மூன்றில் அதிகம் திணறுவது கோழிதான். மத்தியானத்தில் வாசல் படியோரம் நிற்கும் கம்பத்து (கிராமத்து) நாட்டுக்கோழியைப் பாருங்கள். அலகு திறந்திருக்கும், இறக்கைகள் உடலை விட்டு விலகித் தொங்கும், மார்பு முழுவதும் ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 25 மூச்சு விடும் கோழி, கடும் வெயிலில் 200-ஐத் தாண்டி இரைக்கும். மூச்சுப்பாதையின் ஈரம் ஆவியாகும்போது சூடு வெளியேறுகிறது. ஆனால் இப்படி இரைப்பதே ஒரு உழைப்பு. அந்த உழைப்பால் உடலில் மறுபடியும் சூடு பிறக்கிறது. போதாததற்கு, ஓயாமல் மூச்சு விடுவதால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் கார அமில நிலை மாறிவிடுகிறது. முட்டை ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புக் கூட்டு அதனால் குறைகிறது. வெயில் காலத்து முட்டை விரல் பட்டதுமே நொறுங்கினால், தீவனத்தைக் குறை சொல்லும் முன் கூண்டின் தகரக் கூரையைத் தொட்டுப் பாருங்கள்.

புறா அலட்டிக்கொள்வதில்லை. தோல் வழியாகவே ஏராளமான நீரை ஆவியாக்கும் திறன் அதற்கு உண்டு. 1980-களில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் வெப்பத்துக்குப் பழக்கிய புறாக்களை வறண்ட காற்றில் 60 டிகிரி வரை வைத்துப் பார்த்தார்கள். அவை இரைக்காமலே தாக்குப்பிடித்தன. என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்: மூச்சுத் தசைகளுக்குக் கூடுதல் வேலையே இல்லை. ஆனால் தண்ணீர்ச் செலவு அதிகம். தானியம் தின்னும் பறவைக்கு இரையிலிருந்து கிடைக்கும் ஈரம் சொற்பம். நாள் தவறாமல் குடித்தாக வேண்டும்.

எலி பிடிக்கத் தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்க்கும் கூகை என்ற ஆந்தையின் வழி, இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மார்பை அசைக்காமல், தொண்டையின் மெல்லிய தோலை மட்டும் படபடவென்று அது அதிர வைக்கும். இரவில் பூச்சி பிடிக்கும் பக்கிப் பறவைகளும் இதையே செய்கின்றன. பாலைவனப் பக்கிகளை அளந்தபோது, தம் உடலில் உண்டாகும் வெப்பத்தைப் போல நான்கைந்து மடங்கை அவற்றால் ஆவியாதல் மூலம் வெளியேற்ற முடிந்தது. இரைத்தே சமாளிக்கும் பாடும் பறவைகள் பெரும்பாலும் இரண்டு மடங்கோடு நின்றுவிடுகின்றன. கூகைக்கு எலியின் சதையிலேயே நீர் கிடைத்துவிடுவதால் குடிநீர்த் தேவையும் குறைவு. (நாரைகள் தம் கால்களிலேயே நீர்த்த எச்சமிட்டு, அது உலரும் குளிர்ச்சியில் பிழைக்கின்றன, அது தனிக் கதை.)

ஆற்றல் மிச்சத்தில் புறாவும் கூகையும் முன்னால் நிற்கின்றன. நீரையும் சேர்த்துக் கணக்கிட்டால் என் ஓட்டு கூகைக்கு.

ஆனால் இந்த அளவீடுகள் வறண்ட காற்றுக்கானவை. நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. துவைத்த துணியே மெதுவாகக் காயும் நாளில் தொண்டையின் ஈரமும் மெதுவாகத்தான் ஆவியாகும். மூன்று வழிகளும் இங்கே கொஞ்சம் மங்கிவிடுகின்றன. அதே சமயம் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. நிழலில் காற்றின் வெப்பம் 36, 37 டிகிரியாக இருந்தாலும் பறவையின் உடல் அதைவிடச் சூடாகவே இருக்கிறது. ஆகவே ஒரு சொட்டு நீரும் செலவாகாமல் கால், கொண்டை, தாடி வழியாகச் சூடு காற்றில் இறங்கும். பல பறவைகள் உடல் சூட்டை இரண்டு மூன்று டிகிரி ஏறவிட்டு, இந்த இறக்கத்தை இன்னும் வேகப்படுத்துகின்றன. வெயிலில் நின்றால் இந்தச் சலுகை பறிபோகும். அதனால்தான் முற்றிய செம்பனையை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்யும் இடங்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அடர்ந்த மட்டைகளின் நிழல் ஒரேயடியாகப் போய்விடுகிறது. மொட்டை வெயிலில் கம்பத்தின் மேல் நிற்கும் கூகைப் பெட்டி அடுப்பாகக் காய்கிறது.

வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் முதலில் நிழலைக் கவனியுங்கள். தகரக் கூரைக்கு மேல் செம்பனை மட்டைகளைப் பரப்பலாம். கூண்டின் இரு பக்கமும் காற்று புகவேண்டும். தண்ணீர்ப் பாத்திரமும் நிழலில் இருக்கட்டும், மத்தியானத்தில் ஒருமுறை மாற்றுங்கள்; சுட்ட தண்ணீரைக் கோழி சரியாகக் குடிக்காது. புறாக்களும் வருகிற வீடானால் பாத்திரம் சற்று ஆழமாக இருப்பது நல்லது. கோழி வாயில் மொண்டு தலையைத் தூக்கி விழுங்கும். புறாவோ அலகை அமிழ்த்தி, தலை தூக்காமல் ஒரே மூச்சில் உறிஞ்சும்.